8 அடியா, 12 அடியா: வெளிப்புறக் கேமராவை எங்கே பொருத்துவது?

நேர்கோணம்:
"வெளிப்புறக் கேமராவை 12 அடிக்குக் கீழே பொருத்துகிறவர் அதைத் தாமே திருடன் கையில் எடுத்துக் கொடுக்கிறார்" என்று உயரப்பார்வை இந்த மன்றத்தின் வேறோர் இழையில் எழுதியிருப்பதையும், அதை நம்பிச் சிலர் ஏணி தேடத் தொடங்கிவிட்டதையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நிற்பவரின் முகம் தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடியில் இருக்கிறது. கேமரா 12 அடியில் இருந்தால், சுவரிலிருந்து 7 அடி தள்ளி நிற்கும் ஆளின் முகத்தை அது 45 பாகைச் சரிவில் பார்க்கிறது. அந்தச் சரிவில் தொப்பியின் விளிம்பும் உச்சந்தலையும்தான் பதிவாகும். அதே ஆளை 8 அடியிலிருந்து பார்த்தால் சரிவு 23 பாகைதான். ஆள் வந்தான் என்று மட்டும் தெரிந்து என்ன பயன்? யார் வந்தான் என்று தெரிய வேண்டும்.

உயரப்பார்வை:
நேர்கோணம் எனக்குப் பாடம் நடத்த வருவது இது முதல் முறையன்று. டோம் எனும் குமிழ் வடிவக் கேமரா குறித்த இழையிலும் இப்படித்தான் வந்து, கேள்வி கேட்டவரையே விரட்டிவிட்டார். 8 அடியில் இருக்கும் கேமராவை ஒரு கம்பால் வானத்தை நோக்கித் திருப்பிவிடலாம்; சற்று உயரமானவர் கையை நீட்டியே துணியைப் போர்த்திவிடலாம். திருப்பப்பட்ட கேமரா எத்தனை பாகையில் பார்த்தால் என்ன? மேலும், சரிவைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமன்று, தொலைவும்தான். தொலைவை நெருக்கிக் காட்டும் 6 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமராவை 12 அடியில் வைத்து, 20 அடி தள்ளியிருக்கும் வாயிற்கதவை நோக்கித் திருப்பினால் சரிவு 19 பாகையே வரும். தமக்கு வேண்டிய 7 அடியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது நேர்மையன்று.

நேர்கோணம்:
கேமராவைத் திருப்ப வருகிறவன் அதன் முன்னால் வந்தாக வேண்டும். அவன் முகம் அதுவரை எவருக்கும் கிடைக்காத தெளிவில் வீட்டுக்குள் இருக்கும் என்விஆர் எனும் பதிவுப் பெட்டியில் பதிவாகிவிடும். பூட்டை உடைப்பவன் நிற்கும் இடம் கதவடிதானே தவிர, உங்களுக்கு வசதியான 20 அடித் தொலைவு அன்று. 7 அடியில் 45 பாகை. இதற்கு இன்னும் விடை வரவில்லை.

வடக்கம்பி:
இருவரும் உயரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். வைஃபை அலைவரிசையை ஜாமர் கொண்டு முடக்கிவிட்டால், 8 அடிக் கேமராவும் 12 அடிக் கேமராவும் ஒருசேர ஊமையாகிவிடும். ஈதர்நெட் கம்பி ஒன்றே மின்சாரத்தையும் படத்தையும் 100 மீட்டர் வரை கொண்டுசெல்லும்போது, எவரும் அதைப் பற்றிப் பேச மறுப்பது ஏன்?

நேர்கோணம்:
ஏனெனில் கேள்வி அதுவன்று. கம்பி வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்?

செம்பருத்தி:
ஐயா, என் சிக்கலுக்கு யாராவது விடை சொல்ல வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் கேமராவைப் பொருத்தியிருக்கிறோம். பகலில் படம் தெளிவாக இருக்கிறது. இரவில் மேற்பாதி முழுவதும் வெளுத்து, வாசல் இருண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு லென்ஸின் முன்னால் ஒற்றை இழை சிலந்தி வலை தடித்த வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அது காற்றில் அசையும்போதெல்லாம் கைப்பேசியில் எச்சரிக்கை வருகிறது.

நேர்கோணம்:
இருட்டில் பார்ப்பதற்காகக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி சன்ஷேடின் வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அந்த வெளிச்சத்தைக் கண்டு கேமரா படத்தின் ஒளியைக் குறைத்துக்கொள்வதால் வாசல் இருள்கிறது. சுவர் விளிம்பிலிருந்து சற்று முன்னே தள்ளிப் பொருத்துங்கள், சன்ஷேடு படத்துக்குள் வராதபடி கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். ஆகவே அடிக்கடி துடைத்தாக வேண்டும். 8 அடியில் இருந்தால் ஒட்டடைக் கோல் போதும். 12 அடியில் யார் ஏறுவது என்பதை உயரப்பார்வையே சொல்லட்டும்.

உயரப்பார்வை:
ஒட்டடைக் கோல் எட்டும் இடத்துக்குத் திருடன் கையிலிருக்கும் கோலும் எட்டும். நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

வடக்கம்பி:
12 அடியில் வைத்தால் பக்கத்து வீட்டு முற்றமும் சேர்ந்து விழும். அவர்கள் நாளைக்குச் சண்டைக்கு வந்தால்?

உயரப்பார்வை:
அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பியைத் தவிர வேறெதையும் திறந்து பார்க்காதவருக்கு அது தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. மீண்டும் லென்ஸுக்கு வருகிறேன். முகத்தை வைத்து இன்னார் என்று உறுதிசெய்ய, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றும், ஆள் நடமாட்டத்தை அறிய 25 போதும் என்றும் கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஈசி 62676-4இன் 2014 பதிப்பு வகுத்தது. 4 மெகாபிக்சல் கேமராவின் 2560 பிக்சல்கள் 6 மீட்டர் அகலத்தில் பரவினால் மீட்டருக்கு 400க்கு மேல் கிடைக்கிறது. 20 அடித் தொலைவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் தருவது ஏறத்தாழ அதுதான். சரிவும் குறைவு, பிக்சலும் போதுமானது. இன்னும் என்ன வேண்டும்?

நேர்கோணம்:
இரவு வேண்டும். வெளிச்சம் போதாத கேமரா ஷட்டரை நொடியின் 12இல் ஒரு பங்கு வரை திறந்து வைத்தால், இயல்பாக நடப்பவர் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 400 பிக்சலும் இழுபட்டு முகம் கோடாகிவிடும். தொலைவு கூடக் கூட அகச்சிவப்பு ஒளியும் மங்கும். "8 மெகாபிக்சல் வாங்கினால் இரவும் பகலாகும்" என்று போன மாதம் எழுதியவரும் நீங்கள்தான். ஒளியை உணரும் சென்சாரை அதே அளவில் வைத்துக் கூடுதல் பிக்சல்களாகக் கூறுபோட்டால் ஒவ்வொன்றுக்கும் விழும் ஒளி குறையும் என்று அன்றே எழுதினேன். அதற்கும் விடை வரவில்லை. தொப்பி அணிந்த ஒருவரை இரவில் உங்கள் கதவருகே 7 அடியில் நிறுத்தி, 12 அடிக் கேமரா தரும் படத்தை இங்கே இடுங்கள். முகம் தெரிந்தால் பேசுவோம்.

உயரப்பார்வை:
என் கேமரா எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை ஊரறியக் காட்ட எனக்கு விருப்பமில்லை; வீட்டுக் காவலைப் பற்றிப் பேசுகிறவர் அப்படியொன்றைக் கேட்பதே தவறு. ஷட்டர் வேகத்தைக் கையால் அமைத்துக்கொள்ளலாம், வாசலில் ஒரு விளக்கும் போடலாம். கம்பால் திருப்பிவிட்ட கேமராவுக்கு அமைப்பும் இல்லை, விளக்கும் உதவாது.

நேர்கோணம்:
7 அடியில் 45 பாகை.