ஆற்றுச் சரளையில் கிடைக்கும் புதைபடிவத்துக்கு ஒரு சொல்: உதிரிப் படிவம்

நண்பர்களுக்கு வணக்கம்.

புதைந்திருந்த அடுக்கை விட்டுக் கழன்று கிடக்கும் படிவத்தை, ஆற்றில் புதைபடிவம் தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் ‘ஃபுளோட்’ (float) என்று சொல்வதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மிதவைப் படிவம், உருள்படிவம், இடம்பெயர்ந்த படிவம் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் சொல்வதற்கு முன், சல்லடையில் நாம் அள்ளுவது என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

எலும்போ பல்லோ ஒரு மண் அல்லது பாறை அடுக்கில் புதைந்து கல்லாகிறது. பல காலம் கழித்து ஆறு அந்த அடுக்கை அறுக்கிறது. படிவம் கழன்று விழுந்து, சரளையோடு சரளையாக ஆற்றின் அடியில் உருண்டு, நீரின் வேகம் குறையும் இடத்தில் தங்கிவிடுகிறது. வளைவின் உட்புறத் திட்டுகளிலும் பாறை இடுக்குகளிலும் தேடச் சொல்வது இதனால்தான். இப்படிக் கிடைப்பது எந்த விலங்கு என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓடும் பீஸ் ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரே சல்லடையில் மெகலோடான் சுறாவின் பல்லும் பனியுகக் குதிரையின் பல்லும் சேர்ந்து வரும். அந்தச் சுறா அழிந்து சுமார் 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வட அமெரிக்கக் குதிரைகள் அழிந்ததோ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஒன்று கடலில் வாழ்ந்தது, மற்றது புல்வெளியில் மேய்ந்தது. இரண்டும் ஒன்றாகக் கிடப்பதற்கு ஆறு மட்டுமே காரணம்.

இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். சுறாப் பல் தட்டையான முக்கோணம். தேயாமல் வந்திருந்தால் ஓரத்தில் நகத்தை ஓட்டும்போது நுண்ணிய ரம்பப் பற்கள் தட்டுப்படும். அடியில் வேர்ப்பகுதி சொரசொரவென்று இருக்கும். குதிரையின் கடைவாய்ப்பல் நீளமான நாற்கரத் தூண் போன்றது. அதன் மெல்லும் பரப்பில் எனாமல் வளைந்து நெளிந்து கோடுகளாக ஓடும். பக்கத்திலேயே கனமான, வாழைப்பழம் போல வளைந்த ஒரு துண்டு கிடந்தால், உடைந்த முனையைப் பார்க்க வேண்டும். உள்ளே குழியோ பஞ்சு போன்ற பகுதியோ இல்லாமல் முழுக்கக் கெட்டியாக இருந்தால் அது பெரும்பாலும் ஆவுளியா (கடல்பசு) இனத்தின் விலா எலும்பு. மாமூத்தும் மாஸ்டோடானும் அழிந்துபோன, யானை போன்ற விலங்குகள். மாமூத்தின் கடைவாய்ப்பல் அடுக்கிய தகடுகளால் ஆனது. மாஸ்டோடானின் பல்லில் கூம்புகள் மேடு மேடாக நிற்கும். நிறத்தை நம்பி எதையும் சொல்லக் கூடாது. மண்ணிலும் நீரிலும் உள்ள கனிமங்கள் ஊறித்தான் படிவம் கறுக்கிறது. கறுப்பாக இருப்பதால் மட்டும் ஒன்று பழையதாகிவிடாது.

ஆக, உருவம் விலங்கைச் சொல்லிவிடுகிறது. வயதை அடுக்கு சொல்ல வேண்டும், அந்த அடுக்குதான் கையை விட்டுப் போய்விட்டது. நமக்கு வேண்டிய சொல் இந்த நிலையைக் காட்ட வேண்டும்.

அந்த வகையில் ‘மிதவை’ பொருந்தாது. கல்லான பல் மிதப்பதில்லை, அடியில்தான் நகர்கிறது. மேலும் மிதவை உயிரி என்பது நீரோட்டத்தோடு மிதந்து வாழும் உயிர்களுக்கு (பிளாங்டன்) ஏற்கெனவே நிலைபெற்ற சொல். அவற்றின் புதைபடிவங்களும் உண்டு என்பதால் குழப்பம் உறுதி. ‘உருள்படிவம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நேற்றைய வெள்ளத்தில் கரையிலிருந்து விழுந்த பல் உருண்டே இருக்காது. அதன் ஓரங்கள் கூர்மையாகவே இருக்கும். அதுவும் அடுக்கை விட்டு வந்ததுதானே.

‘இடம்பெயர்ந்த படிவம்’ மூன்றில் சிறந்தது. இருந்தாலும் திருவக்கரை கல்மரங்களை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள மரங்களில் கிளையும் இல்லை, வேரும் இல்லை. அவை வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, அதற்குப் பிறகு கல்லானவை. இடம் பெயர்ந்தது மரம், படிவம் பெயரவில்லை. கல்லான அடுக்கிலேயே இருக்கும் ஒன்றைத் தெரியாமல் இந்தச் சொல்லுக்குள் இழுத்துவிடுவோம். புதைவதற்கு முன் நகர்ந்ததையும் கல்லான பின் கழன்றதையும் ஒரே சொல்லில் அடைத்தால் கலைச்சொல்லின் பயனே போய்விடும்.

என் பரிந்துரை: உதிரிப் படிவம். உதிரிப் பூ, உதிரி பாகம் என்று அன்றாடம் புழங்கும் சொல். தொடுப்பில் இல்லாதது, தனித்து நிற்பது என்ற பொருள் கேட்டவுடனே விளங்கும். முழுதா உடைந்ததா, உருண்டதா உருளாததா என்று எதையும் இது சொல்வதில்லை. சேர்ந்திருக்க வேண்டிய அடுக்கோடு இப்போது இல்லை, அவ்வளவே. ‘படிவம்’ என்றால் விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார், நியாயம்தான். கட்டுரையில் முதல் முறை ‘உதிரிப் புதைபடிவம்’ என்று முழுமையாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை என்பதற்கு இந்தோனேசியாவில் உள்ள ஜாவாவின் சோலோ ஆற்றங்கரை போதும். திரினில் என்ற இடத்தில் நெதர்லாந்து ஆய்வாளர் யூஜீன் டுபுவா 1891இல் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியையும், 1892இல் சில மீட்டர் தள்ளி ஒரு தொடை எலும்பையும் கண்டெடுத்தார். இரண்டும் ஒரே உயிரினத்துடையவை என்று கருதி ‘நிமிர்ந்து நடந்த குரங்கு மனிதன்’ என்ற பொருளில் பெயரிட்டார். தொடை எலும்பு இன்றைய மனிதனுடையது போல இருப்பதால், அது இளைய அடுக்கைச் சேர்ந்ததாக இருக்குமோ என்ற ஐயம் பின்னால் எழுந்தது. ஆற்று வண்டலில் அருகருகே கிடைத்ததை வைத்து உறவு சொல்வது அவ்வளவு கடினம்.

அதனால் கண்டெடுத்தவர் எழுதும் சீட்டிலேயே ‘உதிரி’ என்ற குறிப்பு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆறு, வளைவு, தேதி, மேல்நோக்கிப் போனால் கரையில் தெரியும் அடுக்குகள், அதோடு இந்த ஒரு சொல். பின்னால் ஆராய்கிறவர் அதைப் பார்த்ததும் கிடைத்த இடத்தை வைத்து வயதைச் சொல்லக் கூடாது என்று புரிந்துகொள்வார்.

இன்னும் இரண்டு சொற்கள் மீதம் உள்ளன. கழன்ற படிவம் சில சமயம் பிற்கால அடுக்கில் மறுபடி புதைந்து, அந்த அடுக்குக்கே உரியது போலத் தோன்றும். அதற்கு ‘மீள்புதை படிவம்’ எனலாம். சொந்த அடுக்கிலேயே இருப்பதற்குப் ‘படுகைப் படிவம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் படுகை என்றாலே நமக்கு ஆற்றுப்படுகைதான், அதாவது உதிரிகள் கிடக்கும் இடம், பொருள் தலைகீழாகிவிடும். ‘நிலைப்படிவம்’ எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.