எக்செல்ல =-2^4 போட்டா 16, கைடுல −16. எது சரி?

ராத்திரி ட்யூஷன்:
பையன் எட்டாவது படிக்கிறான், நாளைக்கு அடுக்குகள் பாடத்துல டெஸ்ட். நான் ஆபீஸ்ல பொழுதன்னிக்கும் எக்செல்லே கதின்னு கெடக்குற ஆளு, சரி விடையெல்லாம் அதுலயே போட்டு செக் பண்ணிடலாம்னு உக்காந்தா =-2^4க்கு 16ங்குது. கைடுல −16. சயின்டிபிக் கால்குலேட்டரும் −16தான் காட்டுது. பையன் என்னடான்னா "நாலு மைனஸைப் பெருக்குனா ப்ளஸ்தானப்பா, 16தான்"ங்குறான்.

இன்னும் ரெண்டு இருக்கு. 3² × 3³க்கு 9⁵னு எழுதி வச்சிருக்கான், 6⁰க்கு 0. ரெண்டும் தப்புன்னு தெரியுது, ஏன் தப்புன்னு அவனுக்குப் புரியுற மாதிரி சொல்ல வரல. யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்.

சாக்பீஸ்:
கைடு சரிதாங்க. அடுக்கு தன்னை ஒட்டி இருக்குறதை மட்டும்தான் பிடிக்கும். −2⁴ல அது பிடிச்சிருக்கறது 2ஐ மட்டும், அதனால 2×2×2×2 = 16, முன்னாடி நிக்கிற மைனஸ் கடைசியில வந்து சேரும். பையன் சொல்ற 16 வரணும்னா (−2)⁴னு பிராக்கெட் இருக்கணும். இதுல என்ன வம்புன்னா −2³, (−2)³ ரெண்டுமே −8தான். ஒற்றைப்படை அடுக்குல பிராக்கெட்டை விட்டாலும் விடை சரியா வந்துடுறதால பசங்க அப்படியே பழகிட்டு இரட்டைப்படையில வந்து மாட்டுவாங்க.

3² × 3³க்கு ரூலே சொல்லாதீங்க, விரிச்சு எழுதச் சொல்லுங்க: (3×3) × (3×3×3). எத்தனை 3 இருக்குன்னு அவனே எண்ணட்டும், அஞ்சு. அப்ப 3⁵, அதாவது 243. அவன் போட்ட 9⁵ 59049 ஆகுது, எங்கயோ போயிடுச்சு பாருங்க! அடிமானம், அதாவது கீழ இருக்கற 3, மாறாது, அடுக்கை மட்டும் கூட்டணும்.

6⁰க்கு மேலேர்ந்து இறங்கி வாங்க. 6³ = 216, 6² = 36, 6¹ = 6. ஒவ்வொரு தடவையும் 6ஆல வகுத்துட்டே வர்றோம், அடுத்து 6ஐ 6ஆல வகுத்தா 1 தானே. நிறுத்தாம இன்னும் இறங்குனா 6⁻¹ = 1/6, 6⁻² = 1/36. அடுக்குல மைனஸ் வந்தா விடையும் மைனஸ்னு நினைக்கிற பசங்க நிறைய பேரு, அதையும் இதுலயே காட்டிடுங்க.

ஃபார்முலா பார்:
எக்செல் விஷயம் நான் சொல்றேன். முன்னாடி மைனஸ் வந்தா எக்செல் அதை அந்த எண்ணோட குறியா எடுத்துக்கிட்டு, அப்புறம்தான் ^ போடும். அதாவது நீங்க அடிச்சதை அது (-2)^4னு படிக்குது. பக் எல்லாம் இல்ல, அதோட வரிசையே அப்படித்தான். =0-2^4னு போட்டுப் பாருங்க, −16 வரும், ஏன்னா இப்ப அது கழித்தல். =-(2^4) போட்டாலும் சரி.

ராத்திரி ட்யூஷன்:
அடடே ஆமாங்க, 0- போட்டதும் −16 வந்துடுச்சு! சரி, (2³)²ங்கறதை 2^3^2னு அடிச்சேன், 64 வந்துச்சு, கைடுலயும் அதான். இப்படியே அடிக்கலாமா?

ஃபார்முலா பார்:
வேணாம் சார், தப்பிச்சிட்டீங்க அவ்ளோதான். எக்செல் இடமிருந்து வலமா போறதால 64 வந்துச்சு. கணக்குல பிராக்கெட் இல்லாம அடுக்கு மேல அடுக்கு இருந்தா மேல இருக்கறதை முதல்ல பாக்கணும், 3² = 9, அப்புறம் 2⁹ = 512. பைத்தான்ங்கற ப்ரோகிராமிங் மொழியில 2**3**2னு அடிச்சாலும் (அங்க அடுக்குக்கு ** தான்) 512தான் வரும். எப்பவும் பிராக்கெட் போட்டே அடிங்க.

சாக்பீஸ்:
(2³)²னா 2³ஐ ரெண்டு தடவை பெருக்குறது, 2³ × 2³ = 2⁶. பெருக்கல்ல அடுக்கைக் கூட்டுவோம், அடுக்குக்கு அடுக்கு வந்தா பெருக்குவோம், டெஸ்ட்ல இந்த ரெண்டையும்தான் கலக்குவாங்க. அப்புறம் 2³ + 2²னு கூட்டல் வந்தா ரூல் எதுவும் கிடையாது, 8 + 4 = 12னு நேரா போடச் சொல்லுங்க, பழக்கதோஷத்துல 2⁵னு எழுதிடப் போறான்.

ராத்திரி ட்யூஷன்:
ரொம்ப நன்றிங்க. 6⁰ புரிஞ்சதும் "அப்ப 0⁰?"ன்னு கேக்குறான் 😅

சாக்பீஸ்:
நல்ல கேள்வி. அங்க இறங்கி வர முடியாது, 0ஆல வகுக்க முடியாதே. அதனாலதான் ரூல்லயே அடிமானம் 0 இல்லாதப்பன்னு ஒரு நிபந்தனை போட்டிருப்பாங்க. எக்செல்ல அடிச்சா எரர் வரும், அதையும் காட்டிட்டு தூங்க அனுப்புங்க, மணியாச்சு.