திருச்சி ஏர்போர்ட் டு மதுரை ஏர்போர்ட்: 5 மணி நேர இடைவெளி போதுமா?

வைகைக்கரை:
சிங்கப்பூர் விமானம் காலை 9 மணிக்குத் திருச்சியில் இறங்குகிறது. மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்கு அன்றே மதியம் 2 மணி விமானம். தனித்தனி டிக்கெட். ஒரு தளத்தில் தூரம் 123 கி.மீ., மேப்பில் 140-க்கு மேல். எதை நம்புவது? தேதி பொங்கலன்று வருகிறது.

நால்வழிச்சாலை:
123 என்பது வான்வழி நேர்கோடு, காருக்கு உதவாது. சாலையில் 140–145 வைத்துக்கொள்ளுங்கள். டிவிஎஸ் டோல்கேட், மன்னார்புரம், பஞ்சப்பூர் வழியாக மதுரை ரோட்டைப் பிடித்தால் விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வரை நால்வழிச்சாலை. ஒத்தக்கடை தாண்டி உத்தங்குடியில் இடப்பக்கம் ரிங் ரோடு. விரகனூர் வழியாக மண்டேலா நகர் வந்து ஏர்போர்ட்டுக்குத் திரும்பணும். மேப் மாட்டுத்தாவணி, தெப்பக்குளம் என்று ஊருக்குள் இழுத்தால் கேட்காதீர்கள்.

நெடுஞ்சாலை ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். நேரத்தைத் தின்பது மன்னார்புரம் சிக்னலும் விரகனூர் ரவுண்டானாவும்தான். மொத்தம் இரண்டரை, கணக்குக்கு மூன்று.

இப்போது கூட்டிப் பாருங்கள். இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடிய 10.30 ஆகிவிடும். மதுரை போய்ச் சேர 1 முதல் 1.30. உள்நாட்டு செக்-இன் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 1 மணிக்கே மூடிவிடும். விமானம் தாமதமாகாமல் வந்தாலே இந்த நிலை. தனி டிக்கெட் என்பதால் தவறவிட்டால் காசில் பெரும்பகுதி திரும்பாது. மாலை 4-க்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள்.

பஞ்சப்பூர்:
டாக்சியை 'ஒரு வழி டிராப்' என்று கேட்டுப் பிடிங்க. பெரும்பாலும் குறைந்தபட்சம் 130 கி.மீ. கணக்கு. டிரைவர் பேட்டாவும், பூதக்குடி, சிட்டம்பட்டி டோலும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்க. சொந்தக்காரர் கார் வருதென்றால் பாஸ்டேக்கில் பணம் இருக்கணும். இல்லையென்றால் யூபிஐயில் 1.25 மடங்கு டோல் கட்டணும்.

பஸ் என்றால் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் போய் ஏறி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறுபடி ஆட்டோ. நாலரை மணி நேரம் ஆகும். பெட்டிகளோடு வேண்டாம். ரயில் திண்டுக்கல் சுற்றிப் போகும், இரு முனையிலும் ஸ்டேஷனுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவே தனி ஓட்டம் வேறு.

மண்டேலா நகர்:
பொங்கலன்று என்றால் இன்னொன்று. தை 1-ல் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. ஊருக்குள்ளிருந்து ஏர்போர்ட் போகும் ரோடே அவனியாபுரம் வழிதான், காலையிலிருந்தே போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். ரிங் ரோடு தவிர வேறு வழியை நினைக்காதீங்க. அதிலும் அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

நால்வழிச்சாலை:
அப்படியானால் மதுரையை விட்டுவிடுங்கள். திருச்சியிலிருந்தே ஹைதராபாத்துக்கு நேர் விமானம் இருக்கிறது. டிக்கெட் கொஞ்சம் கூடினாலும் டாக்சிக் காசு மிச்சம்.