ஜார்ஜ் டவுனில் மூன்று நாள்: ஊர் சுற்றவா, உட்கார்ந்து பேசவா?

வைகைக்கரை:
மலேசியாவில் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் இங்கே பதியும் திட்டங்களைப் படித்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. முதல் நாள் பினாங்கு மலை, கெக் லோக் சி பௌத்தக் கோயில். இரண்டாம் நாள் பத்து ஃபெரிங்கி கடற்கரை, பட்டாம்பூச்சிப் பண்ணை, தேசியப் பூங்கா. மூன்றாம் நாள் கோட்டை, மாளிகைகள், சுவரோவியங்கள், மாலை விமானம். கூட வந்த நண்பரிடம் எப்போது பேசுவீர்கள்?

ஒரே ஒரு நண்பரோடு, வாரக் கடைசியை ஒட்டிப் போகிற பயணம் என்றால் ஜார்ஜ் டவுன் பழைய நகரத்துக்குள்ளேயே இருந்துவிடுங்கள். யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவோடு சேர்த்து இந்த நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. அதன் மையப் பகுதி 109 ஹெக்டேர்தான், காலாற நடந்தே முடித்துவிடலாம். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு, நடுவில் சாப்பாடும் தூக்கமும்.

நானும் கல்லூரித் தோழியும் அப்படித்தான் இருந்தோம். காலையில் கோப்பித்தியாம் எனப்படும் சீனர் காபிக் கடையில் போய் உட்காருவோம். வாட்டிய ரொட்டி வரும். நடுவில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை போட்டுக் கிளறிய காயாவும் ஒரு வில்லை வெண்ணெயும். அரைவேக்காட்டு முட்டை இரண்டைத் தட்டில் உடைத்து ஊற்றி, கறுப்பு சோயா சாஸை விட்டு, வெள்ளை மிளகுத்தூளைத் தூவி, கலக்கிச் சாப்பிட வேண்டும். தோழி முதலில் முகம் சுளித்தாள். மறுநாள் அவளே கேட்டு வாங்கினாள். பல வருடமாகப் போனில் அரைகுறையாகச் சொல்லிவந்ததையெல்லாம் அந்த மேசையில்தான் அவள் முழுதாகச் சொன்னாள். எனக்கு அந்தப் பயணம் அதற்காகத்தான்.

தண்டவாளம்:
மன்னிக்கணும், இதை என்னால் ஏற்க முடியவில்லை. விமானச் சீட்டு, அறை வாடகை, வெளிநாட்டவர் என்பதற்காக அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, மேலாளரிடம் கெஞ்சி வாங்கிய விடுப்பு. இத்தனையும் கொடுத்துப் போகிற பலருக்குப் பினாங்கு இன்னொரு முறை வாய்க்காது. அவர்களிடம் போய் 'மலையை விடு, காபி குடி' என்பது சரியான யோசனை இல்லை.

மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923-இல் ஓடத் தொடங்கியது. வடத்தில் கட்டிய இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், பாதி வழியில் ஒன்றையொன்று கடக்கும். 2010-க்கு முன்பு நடுவில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், உச்சிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த சுவிட்சர்லாந்துப் பெட்டிகள் கீழிருந்து நேராகச் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. முன்பக்கக் கண்ணாடி ஓரம் நின்று பாருங்கள். தண்டவாளம் செங்குத்தாக எழும்பி நிற்கும், காது அடைக்கும், மேலே இறங்கினால் காற்றே வேறு. கெக் லோக் சி இன்னொன்று. 1930-இல் கட்டி முடித்த ஏழு நிலைக் கோபுரம், அடி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. ஒரே கட்டடத்தில் மூன்று நாட்டுக் கை. பக்கத்து மேட்டில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின்னுக்கு 30 மீட்டர் உயர வெண்கலச் சிலை. இதையெல்லாம் நண்பனோடு சேர்ந்து வாயைப் பிளந்து பார்ப்பதும் நட்புதான். பேசினால்தான் நட்பா?

ஈரோட்டான்:
நானும் நண்பனும் பிப்ரவரியில் போகலாம் என்றிருக்கிறோம், அதனால் கேட்கிறேன். பேசத்தான் என்றால் எங்களுக்கு ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறதே? வெளிநாடு எதற்கு? விசா வேண்டாம் என்கிறார்கள், அது உண்மையா?

வைகைக்கரை:
ஈரோட்டான் தம்பி, 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். வருகை அட்டையை மட்டும் போகும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள்.

ஏற்காடு விஷயம். ஏற்காட்டில் இருந்தால் வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் போதும், இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். எங்களைப் போன்ற பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். கடல் தாண்டினால்தான் 'வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வாய் வருகிறது.

தண்டவாளம் அண்ணா, நான் எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய நகரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கும் தெரு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில், வாசலில் ஆள் உயர ஊதுவத்திகள் புகைந்துகொண்டே இருக்கும். பின்னால் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அப்புறம் அந்தப் பள்ளிவாசல், 1801-இல் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் முன்னின்று எழுப்பியது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தெரு. நாங்கள் சாயங்காலம் போனோம். பாங்கு ஒலித்து அடங்கிய கொஞ்ச நேரத்தில் மாரியம்மன் கோயில் மணி கேட்டது. பட்டியலோடு வந்த கூட்டம் அதற்குள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருந்தது.

வெயிலையும் மறக்கக் கூடாது. அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வெறும் ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. நண்பகலிலிருந்து நாலு மணி வரை புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் திட்டத்தில் அந்த நேரத்தில்தான் கோட்டையும் மாளிகையும் இருக்கும். களைத்துப்போன இரண்டு பேர் வெயிலில் நடந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கே சண்டை வரும்.

பினாங்கு மண்:
நான் இந்த ஊரில் பிறந்தவன். இரண்டு தரப்பையும் படித்தேன். தண்டவாளம் சொல்லும் மலையை நாங்கள் கொடிமலை என்போம். வைகைக்கரை சகோதரி சொல்லும் அமைதியான பயணத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சும்மா நடக்க வருகிறோம்' என்பவர்கள் நடப்பது எங்கள் வீட்டு வாசலில். கடலோரத்தில் சீனர்களின் குலப் படகுத்துறைகள் இருக்கின்றன, தண்ணீருக்குள் கால் ஊன்றிய மரவீடுகள், ஒரு துறைக்கு ஒரு குலம். பெரியது சியூ குலத்தினுடையது. 2006-இல் இரண்டு துறைகளை இடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பவற்றில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. காலையிலிருந்து இரவு வரை பலகைப் பாதையில் ஆள் போகிறது. படம் எடுக்காதீர்கள் என்று கதவில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், அந்த அறிவிப்பையே படம் எடுக்கிறார்கள். ஒரு பாட்டி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியே படம் எடுத்தவரை நானே தடுத்திருக்கிறேன். அவசரமில்லாமல் வருகிறவர்தான் அதிக நேரம் நின்று எட்டிப் பார்க்கிறார்.

இன்னொன்று. பழைய நகரத்தில், கீழே கடையும் மேலே வீடுமான இந்தக் கடைவீடுகளில் முன்பு குறைந்த வாடகைக்குத் தட்டாரும் தச்சரும் கூடை முடைபவர்களும் இருந்தார்கள். 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது. 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முழுதாகப் போனது, வாடகை ஏறியது, பலர் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அப்புறம் மரபுரிமைப் பட்டம் வந்தது. 2012-இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் படம் உலகம் முழுக்கப் பரவியது. இப்போது அந்தத் தெருவில் ஐஸ்கிரீமும் காந்தப் பொம்மையும் விற்கிறார்கள். நீங்கள் தேடி வரும் பழைய நகரத்தில் அதை வைத்துப் பிழைத்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகவே வாருங்கள், ஆனால் படகுத்துறைக்கு மாலை ஐந்துக்குள் வந்து போய்விடுங்கள். பசியாற வருகிறவர்களுக்கு இடம் கொடுங்கள். எங்கள் காபிக் கடையில் அறிமுகமில்லாதவர் உங்கள் மேசையில் வந்து உட்காருவது வழக்கம். கூட்ட நேரத்தில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை பேசினால் கடைக்காரர் வாய்திறந்து சொல்ல மாட்டார், ஆனால் அவருக்கு நஷ்டம்.

தண்டவாளம்:
இதைத்தான் நானும் வேறு விதமாகச் சொன்னேன். எல்லோரும் அந்த 109 ஹெக்டேருக்குள்ளேயே குவிந்தால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? மலைக்கும் கோயிலுக்கும் கூட்டம் பிரிந்து போவது ஊருக்கும் நல்லது.

வைகைக்கரை:
பினாங்கு மண் அண்ணா, படகுத்துறை பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. நாங்கள் காபிக் கடையில் உட்கார்ந்தது காலைக் கூட்டம் வடிந்த பிறகு. பத்து மணிக்கு மேல் பாதி மேசை காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் தண்டவாளம் அண்ணா அதைத் தன் பக்கம் இழுப்பதை ஒப்ப மாட்டேன். ஆர்மீனியன் தெருவில் அந்த சைக்கிள் படத்துக்கு வரிசையில் நிற்பவர் யார்? பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தவர்தான். காலையில் வண்டியில் இறங்கி, மூன்று படம் எடுத்து, அடுத்ததற்கு ஓடுகிறவரால் அந்தத் தெருவின் தச்சருக்கு ஒரு ரிங்கிட்கூட வராது. தங்கி, நடந்து, மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுகிறவரால் கொஞ்சமாவது வரும். சூலியா தெருவில் இரவு தள்ளுவண்டிக்காரர் சார் குவே தியாவ் வறுப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார், பத்துத் தட்டை மொத்தமாகப் போட மாட்டார். பட்டை நூடுல்ஸ் வாணலியில் விழுந்ததும் தீ எழும்பும், இறாலும் முளைப்பயறும் சேர்ந்து வறுபடும், மட்டி கடைசியில்தான் விழும். வரிசையில் நிற்கத்தான் வேண்டும். மலையிலிருந்து இறங்கிக் கோயில் பார்த்து அலுத்து வந்தவருக்கு அந்தப் பொறுமை இருக்காது, குளிர்சாதன உணவகத்துக்குள் போய்விடுவார்.

ஈரோட்டான்:
சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நாசி கண்டார் கடையில் விலை எப்படிப் போடுகிறார்கள் என்றே புரிவதில்லை, பில் எகிறிவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

பினாங்கு மண்:
தட்டைப் பார்த்துத்தான் போடுவார்கள். சோற்றுக்கு மேல் என்னென்ன துண்டு எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. கோழியும் வெண்டைக்காயும் என்றால் அடங்கும். மீன்முட்டை, பெரிய கணவாய், பெரிய இறால் கை வைத்தால் ஏறும். எடுக்கும் முன் விலை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 'பஞ்சிர்' என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இது தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் தூக்கி வந்து விற்ற சாப்பாடு, பெரும்பாலான கடைகளில் தமிழிலேயே பேசலாம்.

மல்லிகைப்பந்தல்:
இருவரும் ஒரே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஏன் எல்லா நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும்? நானும் தோழியும் போகும்போது காலை தனித்தனி, மாலை சேர்ந்து. அவள் கொடிமலைக்குப் போவாள், நான் மாளிகையைப் பார்ப்பேன், சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். பேசவும் புதிதாக ஏதாவது இருக்கும்.

வைகைக்கரை:
மல்லிகைப்பந்தல் அக்கா, ஒரே ஊரில் இருக்கும் தோழிகளுக்கு அது பொருந்தும். நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம், எப்போதாவதுதான் சந்திக்கிறோம். கிடைத்த நேரத்தைப் பிரித்துக்கொள்ள மனம் வராது. எங்களுக்குப் பிடித்ததில் ஒன்று, எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகில் போய்த் திரும்புவது. 2023-இல் புதுப் படகுகள் விட்டிருக்கிறார்கள், நடந்து வருகிறவர்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும். கால் மணி நேரத்துக்குள் அக்கரை. அங்கே இறங்கி எதையும் பார்க்காமல் அடுத்த படகில் திரும்பிவிடுவோம். காற்றும் கப்பல்களும் பேச்சும் போதும். செலவு சில ரிங்கிட்.

தண்டவாளம்:
படகுக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் மலையை விட மாட்டேன். பினாங்கு மண் ஐயா, கூட்டமும் வெயிலும் இல்லாத நேரம் எது? அதைச் சொல்லுங்கள், வைகைக்கரையையும் அவர் தோழியையும் நானே சம்மதிக்க வைக்கிறேன்.

பினாங்கு மண்:
காலை ஆறரைக்கே வண்டி ஓடத் தொடங்கும். வார நாளில் அந்த நேரத்தில் மலையேறிப் பழகிய உள்ளூர்ப் பெரியவர்கள்தான் இருப்பார்கள். நகர நடுவில் இருக்கும் கொம்தார் கோபுரத்திலிருந்து 204 பேருந்து அடிவாரம் வரை போகும், ஆனால் அவ்வளவு காலையில் வாடகைக் காரே நம்பகமானது. பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். பள்ளி விடுமுறையும் பொது விடுமுறையும் என்றால் வரவே வேண்டாம், வரிசையில் பாதி நாள் போய்விடும். தைப்பூசத்தின்போது வந்தால் மலையை விட்டுவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போங்கள், 513 படி, ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும்.

தண்டவாளம்:
பார்த்தீர்களா, பத்து மணிக்கு இறங்கினால் உங்கள் காபிக் கடையில் கூட்டம் வடிந்திருக்கும். ஆயர் ஈத்தாம் வழியாகத்தான் திரும்ப வேண்டும், கெக் லோக் சி அங்கேயே இருக்கிறது, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வைகைக்கரை:
மலைக்குச் சரி, ஆறரை வண்டி என்றால் வருகிறோம். கோயிலுக்கு இல்லை. ஒரு மணி நேரம் என்று நீங்கள் சொல்வது போதாது, நின்று பார்த்தால் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அப்புறம் மதிய வெயில், அப்புறம் களைப்பு, அப்புறம் அன்றைக்குப் பேச்சே இருக்காது. ஆயர் ஈத்தாமில் நிறுத்தினால் ஆளுக்கொரு கிண்ணம் அசாம் லக்சா சாப்பிடுவோம், புளிக் குழம்பில் மீனும் புதினாவும் இஞ்சிப்பூவும் போட்டது. அதற்கு மேல் அந்தப் பக்கம் எங்களுக்கு வேலையில்லை.

ஈரோட்டான்:
என் நண்பன் இதையெல்லாம் படித்துவிட்டுத் தண்டவாளம் பக்கம் நிற்கிறான், கெக் லோக் சி போயே ஆக வேண்டுமாம். நான் வைகைக்கரை அக்கா பக்கம். அறை மட்டும் சூலியா தெருவில் போட்டாயிற்று. தைப்பூசத்தை ஒட்டித் தேதி மாற்றலாமா என்று பார்க்கிறோம், அந்தச் சமயம் அறை விலை எவ்வளவு ஏறும் என்று பினாங்கு மண் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.