ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ‘டொக்’ என்று எழும் ஓசை

கேள்வி:
வணக்கம். என் காரில் மெதுவாகச் செல்லும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு பள்ளத்தில் இறங்கினால் முன்னால் இடப்புறம் ‘டொக் டொக்’ என்று ஓசை எழுகிறது. இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் வேகத்தடையிலோ சத்தமே இல்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு தென்படவில்லை, ஆனாலும் அதையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் கவனித்த அந்த வேறுபாடே பாதி விடை: இரு சக்கரங்களும் சமமாக ஏறி இறங்கும்போது இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, ஒன்று மட்டும் அசையும்போதுதான் அதன் முனையைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டான லிங்க்கில் விசை ஏறுகிறது, ஆகவே லிங்க்கின் பந்து மூட்டையோ, கம்பியைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையோதான் முதலில் சந்தேகிப்பேன். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் லிங்க் இறுகித் தேய்மானத்தை மறைத்துவிடும். வண்டி சமதரையில் நிற்க, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் போட்டுவிட்டுச் சக்கரத்தின் பின்னால் கையை நுழைத்து லிங்க்கை வேகமாக ஆட்டுங்கள். தேய்ந்திருந்தால் தட்டல் விரலிலேயே தெரியும்.

மறுமொழி 2:
நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளும் ஓசை கேட்டால் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) மேல் மவுண்ட்டையும், அதாவது அதை வண்டி உடலோடு பிணைக்கும் தாங்கியையும் பாருங்கள். சக்கரப் பகுதியைக் கீழ்ப்புறம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பந்து மூட்டில் ஆட்டம் இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது; அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

மறுமொழி 3:
அந்த லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்ற நேர்ந்தால், வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே போல்ட்டை இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் புது ரப்பர் விரைவில் கிழிந்துவிடும்.