ஓய்வுபெற்ற ராணுவ உயர் அதிகாரியைப் பேட்டி எடுத்தவர்கள், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் (பெங்களூர்)

அல்சூர் ஏரிக்கரை

அல்சூர், காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் பக்கம் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேத்தியோ மருமகனோ அவர்கள் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசைப்பட்டு, இரண்டாம் நாளே தடுமாறுகிறார்கள். இதில் கைதேர்ந்தவர்கள் பயன்படும்படி எழுதுங்கள். ‘சிலிர்த்துப் போனேன்’ வகையறா வேண்டாம், என்ன பார்த்தீர்கள், எங்கே தவறு நடந்தது என்பது போதும்.

நானே தொடங்குகிறேன். முதல் நாள் கேள்வியே கேட்காதீர்கள். ஆல்பத்தைக் கேளுங்கள். படத்தில் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். மூன்று நட்சத்திரம் இருந்தால் கேப்டன், அசோகச் சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் லெப்டினன்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். அதற்கு மேலே போனால் குறுக்காக வைத்த வாளும் கோலும் வரும்: அதோடு நட்சத்திரம் என்றால் மேஜர் ஜெனரல், சிங்கம் என்றால் லெப்டினன்ட் ஜெனரல், இரண்டும் இருந்தால் ஜெனரல். சிங்கம் இருக்கும் இடத்தில் கிரீடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26-க்கு முந்தைய படம். இப்போதெல்லாம் சிவப்புக் காலர் பட்டையிலும் நட்சத்திரம் இருக்கிறது, பிரிகேடியருக்கு ஒன்று, மேலே போகப் போக ஒவ்வொன்று கூடும். பழைய படங்களுக்குக் காலரை நம்ப வேண்டாம், தோள்தான் சாட்சி.

காக்ஸ் டவுன் குமாரி

தோளும் சில சமயம் ஏமாற்றும். சுபேதார் மேஜருக்கும் தோளில் சிங்கம்தான், அடியில் ஒரு பட்டை நாடா இருக்கும். மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடா தெரியாது, வீட்டில் எல்லாரும் ‘தாத்தா மேஜர்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கௌரவ கேப்டன் இன்னொரு குழப்பம். நீண்ட சேவை செய்த ஜே.சி.ஓ.க்களுக்கு (சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கும் சுபேதார் போன்றவர்கள்) ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நாட்களில் கொடுக்கிற பதவி அது. அதுவும் பெரிய மரியாதைதான். ஆனால் கமிஷன் (அதிகாரி நியமனம்) வாங்கிய கேப்டனோடு சேர்த்து எழுதினால் முழு வரலாறும் சரிந்துவிடும்.

இதைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. பர்சனல் நம்பரின் (ராணுவம் ஒவ்வொருவருக்கும் தரும் எண்) முன்னெழுத்தைப் பாருங்கள். ஐ.சி. என்றால் நிரந்தர கமிஷன், எஸ்.எஸ். என்றால் ஷார்ட் சர்வீஸ் (குறுகிய கால கமிஷன்), ஈ.சி. என்றால் 1962 சீனப் போரை ஒட்டி எடுத்த எமர்ஜென்சி கமிஷன், ஜே.சி. என்றால் ஜே.சி.ஓ. ஈ.சி.யில் சேர்ந்து பிறகு நிரந்தரமானவருக்கு ஐ.சி. எண் வந்திருக்கும். இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோப்பு ஏதோ இரண்டு ஆட்களுடையது போலத் தெரியும்.

நாடா பித்தன்

என் பங்குக்கு ரிப்பன், அதாவது பதக்கத்துக்குப் பதிலாகச் சட்டையில் குத்தும் வண்ண நாடா.

ரிப்பன் வரிசை இடது மார்பில் இருக்க வேண்டும், பெயர்ப் பட்டை வலது மார்பில். மாறி இருந்தால் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார். படத்தைத் திருப்பி ஸ்கேன் செய்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும், ஏனென்றால் மதிப்பு கூடியது மேல் வரிசையில், நம் பார்வைக்கு இடது ஓரத்தில் தொடங்கும்.

விசிஷ்ட சேவா பதக்கங்களில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். மூன்றுக்கும் பொன்னிற நாடாதான். பரம் விசிஷ்டுக்கு நடுவில் ஒரே ஒரு கருநீலக் கோடு, அதி விசிஷ்டுக்கு இரண்டு, வெறும் விசிஷ்டுக்கு மூன்று. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும். ‘மூணு கோடு, பெரிய பதக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

படத்துக்கு ஆண்டு கண்டுபிடிக்க விருதுகளைவிடப் பொதுப் பதக்கங்கள் உதவும். 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், 1997-இல் பொன்விழாப் பதக்கம், அந்தந்த நாளில் சேவையில் இருந்த எல்லாருக்கும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் படம் இந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்தது. 1971 போருக்குக் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், பொதுவாக சங்க்ராம் மெடல். அவர் எந்த முனையில் நின்றார் என்று அவர் வாய் திறக்காமலே சட்டை சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: பதக்க அறிவிப்புக்கும் நாடா சட்டையில் ஏறுவதற்கும் இடையில் நாள் ஓடிவிடும். ஆண்டை ‘இதற்குப் பிறகு’ என்று எழுதுங்கள், ‘இந்த ஆண்டு’ என்று எழுத வேண்டாம்.

விருதென்றால் அதன் வாசகமும் வேண்டும். வீர விருதுகள் குடியரசுத் தலைவர் செயலக அறிவிப்பாக இந்திய அரசிதழின் முதல் பாகம் முதல் பிரிவில் வரும். அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு எல்லாம் அதே பாகத்தின் நான்காம் பிரிவு.

அல்சூர் ஏரிக்கரை

அரசிதழ்த் தேதியும் குடும்பம் சொல்லும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. பழைய நாட்களில் ஆக்டிங் ரேங்க் (தற்காலிகப் பதவி) சர்வ சாதாரணம். தோளில் ஏறின தேதி ஒன்று, சப்ஸ்டான்டிவ் (அந்தப் பதவி நிரந்தரம்) ஆன தேதி வேறு. இரண்டுமே சரிதான், இரண்டு பத்தியாகப் போடுங்கள்.

பழைய பல்டன்

இங்கே பலரும் தொடாத ஒன்று: பதவிப் பெயர் அதேதான், ஆனால் காலத்துக்குக் காலம் கனம் மாறியிருக்கிறது. 1971-இல் பட்டாலியனை (காலாட்படையின் ஒரு யூனிட்) நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல். இன்று அந்த நாற்காலியில் கர்னல். இன்று 13 ஆண்டு சேவையில் தகுதி நிறைந்தவர்கள் எல்லாரும் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடுவார்கள், அன்று அது தேர்ந்தெடுத்துக் கொடுத்த பதவி. ‘வெறும் லெப்டினன்ட் கர்னலாகத்தான் ஓய்வு பெற்றார்’ என்று பேரன் எழுதினால், 800 பேரைப் போருக்குக் கூட்டிப்போனவரைக் குறுக்கிவிட்டான் என்று அர்த்தம். பழைய ஆட்கள் ஒற்றை நட்சத்திர செகண்ட் லெப்டினன்ட்டாகத் தொடங்கியவர்கள், அந்தப் பதவியே இப்போது இல்லை.

இன்றைய ஏணி இது. கர்னலுக்கு மூன்றாம் எண் தேர்வு வாரியம், பிரிகேடியருக்கு இரண்டாம் எண், மேஜர் ஜெனரலுக்கு முதலாம் எண். எண் குறையக் குறைய கதவு சிறுத்துப்போகும். மேலதிகாரிகள் எழுதும் ரகசிய அறிக்கைகள் அடிப்படை, அதிலும் கமாண்ட் காலத்து (படைப்பிரிவை நடத்திய காலத்து) அறிக்கைக்கு எடை அதிகம். இதோடு ஓய்வு வயது என்ற கத்தி தொங்குகிறது: கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. ராணுவத் தலைமைத் தளபதிக்கு 62 அல்லது மூன்றாண்டு, எது முந்துகிறதோ அது. வாரியத்தில் தேறிய பிறகும் காலியிடம் வருவதற்குள் வயது வந்துவிட்டால் வீட்டுக்குத்தான். அதனால் ‘ஏன் ஜெனரல் ஆகலை சார்?’ என்று கேட்கவே கூடாது. ‘கமாண்டுக்குப் பிறகு எங்கே போஸ்டிங்?’ என்று கேளுங்கள், சொல்ல நினைப்பவர் தானே அங்கே வருவார்.

‘ரெஜிமென்ட்’ என்ற சொல் இன்னொரு வலை. பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்றால் ஒரு யூனிட். காலாட்படையில் அது பல பட்டாலியன்கள் சேர்ந்த குடும்பம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ‘கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்’ என்பது கௌரவப் பொறுப்பு, வகிப்பவர் பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல். நம்ம அல்சூர் எம்.ஈ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) அதையே ‘கர்னல் கமாண்டன்ட்’ என்பார்கள். ஆல்பத்தில் இதைப் பார்த்து ஜெனரலைக் கர்னலாக்கி இறக்கிவிட்டவர்கள் உண்டு.

காக்ஸ் டவுன் குமாரி

தமிழ்நாட்டுத் தொடர்புள்ள மூன்று ராணுவத் தலைமைத் தளபதிகளை எடுத்துப் பழகிப் பாருங்கள், கண் பழகிவிடும். குமாரமங்கலம் (1966–69) இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ அகாடமியில் பயின்ற பீரங்கிக்காரர், அரசர் கமிஷன் (பிரிட்டிஷ் அரசர் பெயரில் தந்த நியமனம்) தலைமுறையில் கடைசித் தளபதி. சுந்தர்ஜி (1986–88) செங்கல்பட்டில் பிறந்தவர், மஹர் ரெஜிமென்ட் காலாட்படை அதிகாரி, ஆனாலும் முதலாம் கவச டிவிஷனை நடத்தியவர். பத்மநாபன் (2000–02) டேராடூன் ராணுவ அகாடமியிலிருந்து பீரங்கிப் படைக்குப் போனவர், பராக்ரம் (பாகிஸ்தான் எல்லையில் படை குவித்த நடவடிக்கை) நடந்தது அவர் காலத்தில். எங்கே பயிற்சி, எந்த ஆர்ம் (காலாட்படை, பீரங்கி போன்ற பிரிவு), என்னென்ன கமாண்ட் என்ற மூன்று கேள்வியிலேயே மூவரும் எவ்வளவு வேறு வேறு என்று தெரிந்துவிடும்.

அல்சூர் ஏரிக்கரை

உட்காரும் முறையும் எழுதிவிடுகிறேன். காலை 10 மணிக்கு என்றால் 9.55-க்கு வாசலில் இருங்கள். தமிழராக இருந்தாலும் முதலில் ‘சார்’, அவர் தமிழில் இறங்கினால் நீங்களும் இறங்குங்கள். ‘ஐயா’ சிலருக்குப் பிடிக்கும், பலருக்குக் கூச்சம். மனைவியை ‘மேடம்’ என்றால் போதும், இரண்டாவது சந்திப்பில் அவரே ‘ஆன்ட்டின்னு கூப்பிடு’ என்பார். போஸ்டிங் வரிசை அவருக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கும்: எந்த ஊரில் பிள்ளைக்கு எத்தனையாம் வகுப்பு, எந்த குவார்ட்டர்ஸில் குழாய் உறைந்தது என்று. பள்ளிச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால் பீஸ் ஸ்டேஷன்கள் (குடும்பத்தோடு இருந்த ஊர்கள்) தானே நிரம்பிவிடும், நடுவில் விழும் ஓட்டைதான் ஃபீல்ட் (குடும்பம் இல்லாமல் போன பணி).

ஒரு அமர்வு 90 நிமிடம் தாண்டக் கூடாது. இரண்டு கருவியில் பதியுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். சேவையிலுள்ள யூனிட்களின் இருப்பிடமோ திட்டமோ பேச்சில் வந்தால் பதிவை நிறுத்துங்கள், அரசு ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும்.

நாடா பித்தன்

அட்டையில் பெயர் போடும்போது ‘பிரிகேடியர் (ஓய்வு) இன்னார்’ என்று போடாதீர்கள். ‘பிரிகேடியர் இன்னார் (ஓய்வு)’. ஓய்வு பெறுவது ஆள்தான், ரேங்க் இல்லை. அச்சுக்கு அனுப்புமுன் முதுகு அட்டையிலும் இதைச் சரிபாருங்கள், டிசைனர் அங்கே மட்டும் மாற்றிப் போட்டிருப்பார்.