தனுஷ்கோடி காற்றில் பேச்சு உடைகிறது: கெயினா, கிளிப்பிங்கா?

கேள்வி: அரிச்சல்முனையில் காலர் மைக் வைத்துப் பேட்டி எடுத்தால் காற்று படபடவென்று அடித்துப் பேச்சே உடைந்து கேட்கிறது. எடிட்டிங்கில் லோ கட் (தாழ்ந்த அதிர்வெண் ஒலியை வெட்டும் ஃபில்டர்) போட்டும் சரியாகவில்லை. கெயினைக் குறைத்தால் போதுமா அண்ணே?

பதில் 1: கெயின் என்பது மைக்கின் மெல்லிய சிக்னலை ப்ரீஆம்ப் (ரெக்கார்டரின் முதல்கட்டப் பெருக்கி) எவ்வளவு பெருக்குகிறது என்பது. ஹெட்போன் வால்யூமோடு குழப்பிக்கொள்ளாதீங்க. ரெக்கார்டர் மீட்டரின் உச்ச எல்லையான 0 டிபியைத் தாண்டினால் அலையின் உச்சி மழுங்க வெட்டுப்படும், அதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்டபின் லோ கட் போட்டுப் பயனில்லை. ரெக்கார்டரிலேயே 80 ஹெர்ட்ஸில் போடுங்க. 24 பிட் ரெக்கார்டிங்கில் பேச்சின் உச்சம் -12 டிபி பக்கம் நின்றால் போதும், பிறகு எடிட்டிங்கில் ஒலியைத் தாராளமாகக் கூட்டலாம்.

பதில் 2: கெயினுக்கு முன்னால் காற்றைத் தடுக்கணும். வெறும் ஸ்பாஞ்சு அங்கே தாங்காது, நீள முடி வைத்த உறைதான் வேணும். காற்று மைக்கின் சவ்வையே எல்லை மீறித் தள்ளிவிட்டால் பெரிய சத்தத்தையும் வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டிங்கும் காப்பாற்றாது. பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்க, உடம்பே மறைப்பாகும்.

பதில் 3: அந்தக் கடல் காற்றில் கேமரா லென்ஸையும் பாருங்க. உப்புத் துளி காய்ந்து படம் மங்கும். உடனே துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். ப்ளோயரால் ஊதிவிட்டு, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்க.